சவரக்கத்தியின் முதுகில் ஒட்டும் இன்சுலேசன் டேப், அது விட்டுச் செல்லும் பசை

உவர்மலையான்
ஆகஸ்ட் 2, இரவு 8.20

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்ட காலத்தில், அவருக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவர் தம்முடைய சவரக்கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஷெபீல்டில் செய்யப்பட்ட, ஆப்புப் போலக் கனத்த கத்தி அது. சென்ற மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கையில் கிடைத்தது. அதை மறுபடியும் சவரத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் 1000 இலக்கக் கல் ஒன்றையும், நோர்ட்டன் நிறுவனத்தின் 4000/8000 இருபக்கக் கல்லையும் தேடி எடுத்துக்கொண்டேன் (இலக்கம் கூடக்கூடக் கல் நுண்மையானது).

கத்தியின் முதுகு ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்திருந்ததால், இனியும் தேயாமல் இருக்க வேண்டும் என்று கறுப்பு இன்சுலேசன் டேப்பை ஒரு சுற்று ஒட்டித்தான் தீட்டினேன். சனிக்கிழமை பிற்பகல் 1000, 4000 ஆகிய இரண்டையும் முடித்துவிட்டு, மிகுதியை மறுநாள் பார்க்கலாம் என்று டேப்போடு அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். ஞாயிறு காலை டேப்பை மிகவும் மெதுவாக, அவசரப்படாமல் உரித்தேன். முதுகின் இரு பக்கத்திலும் கறுத்த பசை ஒரு கோடாகத் தங்கிவிட்டது. துணியால் துடைத்தேன், அது அகலமாகப் பரவியதே தவிரப் போகவில்லை. போய்விட்டது என்று நினைத்து 8000 கல்லில் வைத்தபோது, நான்காவது ஐந்தாவது இழுப்பிலேயே கத்தி வழுக்கத் தொடங்கியது. கல்லின் வெண்மையான முகத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான கறை விழுந்திருந்தது. டேப்புக்கு அடியில் இருந்த இடத்தில் இரண்டு துருப் புள்ளிகளும் தெரிந்தன.

டேப் வேண்டவே வேண்டாமா, வேறு டேப் வேண்டுமா, அல்லது நான் செய்த முறையில்தான் பிழையா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாலையூற்று மின்வேலை
ஆகஸ்ட் 2, இரவு 9.45

தம்பி, கத்தி தீட்டுவதில் எனக்கு உங்களளவு பழக்கம் இல்லை. ஆனால் வயரிங் வேலையில் முப்பது ஆண்டுகளாக இந்த டேப்போடுதான் சீவிக்கிறேன், ஆகவே டேப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கறுப்பு டேப்பின் மேற்படலம் பி.வி.சி. பி.வி.சி. இயல்பிலே விறைப்பானது. அதை இப்படி இழுபடும்படி மென்மையாக்குவதற்கு எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பொருளைச் சேர்த்துத்தான் படலமாக்குகிறார்கள். அந்தப் பொருள் படலத்திலேயே கட்டுண்டு கிடப்பதில்லை. நாட்கள் போகப்போக, முக்கியமாகச் சூட்டில், மெல்ல நகர்ந்து அடியில் உள்ள ரப்பர்ப் பசைக்குள் இறங்கும். இறங்கியதும் பசை இளகிக் கூழாகிவிடும். 1940களில் இந்த வகை டேப்பை முதன்முதலில் செய்தவர்கள் பட்ட பெரிய தொல்லையே இதுதான். நல்ல தரமான டேப்பில் இந்த நகர்வு மிகவும் குறைவு. மலிவான டேப்பில் கடையிலேயே தொடங்கியிருக்கும். ஆகவே டேப் வாங்கும்போது சுருளின் பக்கவாட்டைப் பெருவிரலால் தொட்டுப் பாருங்கள். விரல் ஒட்டி, எடுக்கும்போது நூல் போலப் பசை இழுபட்டால், அல்லது சுருளின் நடு ஒரு பக்கமாகப் பிதுங்கி நின்றால், அந்தச் சுருள் கடையிலேயே இருக்கட்டும். சூடான கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த டேப் எந்த நிலையில் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, நீங்கள் டேப்பை மெதுவாக உரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை அங்கேயும் இருக்கிறது. பசை என்பது பாதி திரவம், பாதி ரப்பர். அதை மெதுவாக இழுத்தால் அது திரவம் போல நடந்துகொள்ளும். நடுவிலே பிளந்து பாதியை டேப்பிலும் பாதியை இரும்பிலும் விட்டுவிடும். விரைவாக இழுத்தால் ரப்பர் போல நடந்துகொண்டு முழுவதுமாக டேப்போடு வந்துவிடும். சூடு மெதுவான இழுப்பைப் போல வேலை செய்யும், குளிர் விரைவான இழுப்பைப் போல வேலை செய்யும். சவரக்கத்தியில் ஒட்டிய டேப்பை வெடுக்கென்று இழுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, கை போய்விடும். ஆகவே வேகத்துக்குப் பதிலாகக் குளிரைப் பயன்படுத்துங்கள். ஒரு கோப்பை ஐஸ் தண்ணீரில் முதுகுப் பக்கம் மூழ்கும்படி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு உரித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஒட்டும்போது இழுத்து ஒட்டினீர்களா?

தோல்வார்
ஆகஸ்ட் 3, காலை 6.10

மத்திய வீதிப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் சலூன் நடத்தியவன் நான். என் தகப்பனாரும் அதே தொழில். இன்றைக்கு எல்லா இடத்திலும் பிளேட்டை இரண்டாக முறித்துப் போடும் கத்திதான். தொற்றுநோய்ப் பயத்தினால் வந்த மாற்றம் அது, நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முந்திய காலத்தில் நாங்கள் ஆளுக்கு நான்கு கத்தி வைத்துக்கொண்டு, கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்துத்தான் தொழில் செய்தோம். ஒரு நாளும் முதுகில் எதையும் ஒட்டியதில்லை.

சவரக்கத்தியைச் செய்தவன் அதன் முதுகை வெறும் கனத்துக்காக வைக்கவில்லை. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடுகின்றன. வாய்ச்சரிவு எத்தனை பாகை என்பதை முதுகின் கனமே தீர்மானிக்கிறது. தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து கத்தியின் அகலம் குறையும். முதுகும் கூடவே தேய்ந்து கனம் குறையும். அதனால் சரிவு மாறாமல் நிற்கும். முதுகை டேப்பால் மூடிவிட்டு வாயை மட்டும் தேய்த்துக்கொண்டு போனால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அகலம் குறைந்து கனம் குறையாத கத்தி ஒன்று உங்கள் கையில் இருக்கும். அது தாடியை வெட்டாது, இழுக்கும். அது மட்டுமல்லாமல் டேப் மெத்தென்று இருப்பது. கை அழுத்தத்துக்கு ஏற்ப அது அமுங்கும், நிமிரும். கல்லின் மேல் கத்தி பேசுவதைக் கையால் கேட்டுப் பழகிய ஒருவனுக்கு டேப் காதைப் பொத்துவது போல.

தம்பி, டேப்பை விட்டுவிடுங்கள், பசைத் தொல்லையும் அதோடு போய்விடும்.

உவர்மலையான்
ஆகஸ்ட் 3, மாலை 7.05

இருவருக்கும் நன்றி. பாலையூற்று அண்ணா, இழுத்துத்தான் ஒட்டினேன். சுருக்கம் விழாமல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

தோல்வார் ஐயா, நீங்கள் சொல்லும் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஒழுங்காகப் பராமரித்த கத்திக்கு அது முழுவதும் பொருந்தும் என்றும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கத்தியின் முதுகை எனக்கு முன்னரே யாரோ கரடுமுரடான கல்லில் அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நான்கு மில்லிமீற்றர் அகலத்துக்குத் தட்டையாகிக் கிடக்கிறது. வேர்னியரில் அளந்தேன். முதுகின் கனம் 5.6 மில்லிமீற்றர், கத்தியின் அகலம் 20 மில்லிமீற்றர். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தச் சரிவு 16.1 பாகை வருகிறது. 0.15 மில்லிமீற்றர் தடிப்புள்ள டேப் ஒரு சுற்று ஒட்டினால் இரு பக்கமும் சேர்ந்து கனம் 5.9 ஆகி, சரிவு 17 பாகையாகிறது. சவரக்கத்திகள் பெரும்பாலும் 16 பாகைக்கும் 18 பாகைக்கும் இடையில் நிற்பவை என்பதால், தேய்ந்த முதுகு இழந்ததை டேப் திருப்பிக் கொடுக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அத்துடன் இது ஆப்பு வெட்டு, அதாவது பக்கங்கள் குழியாமல் நேராகச் சரியும் கத்தி. டேப் இல்லாமல் படுக்க வைத்தால் வாயும் முதுகும் மட்டுமல்லாமல் கத்தியின் கன்னம், அதாவது பக்கத் தளம், முழுவதும் கல்லைத் தொட வருகிறது.

தோல்வார்
ஆகஸ்ட் 3, இரவு 8.30

ஆப்பு வெட்டு என்பதை முதலிலேயே நான் கவனித்திருக்க வேண்டும். பக்கங்கள் உட்குழிந்த, குழிவெட்டுள்ள ஜெர்மன் கத்திகளைத்தான் நாங்கள் கூடுதலாகப் பயன்படுத்தினோம். அதை மனதில் வைத்து எழுதிவிட்டேன். ஆப்புக் கத்திக்கு முதுகை உயர்த்தாமல் தீட்டினால் ஒரு கிழமை தேய்த்தாலும் வாய்க்குக் கல் போய்ச் சேராது. உங்கள் கத்திக்கு டேப் சரி. குழிவெட்டுக் கத்திக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு சுற்று டேப்போடு தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் கல்லில் வைத்தால், கல் வாயைத் தொடாது. சரிவின் தோளை, அதாவது முதுகுப் பக்க விளிம்பைத்தான் தொடும். நீங்கள் மணிக்கணக்காகத் தேய்த்துவிட்டுக் கூர் வரவில்லையே என்று கல்லைத் திட்டுவீர்கள். ஒரு சுற்று என்றால் என்றைக்கும் ஒரு சுற்று, அதே தடிப்பு. சந்தேகம் வந்தால் வாயோரத்தில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது.

பாலையூற்று மின்வேலை
ஆகஸ்ட் 3, இரவு 9.15

இழுத்து ஒட்டிய டேப் சும்மா இருக்காது, தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அப்படிச் சுருங்கும்போது பசை மட்டும் ஓரத்தில் பின்தங்கி நிற்கும். நீங்கள் கண்ட அந்தக் கறுத்த கோடு அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். வயர் மூட்டுகளில்கூட டேப்பை இழுத்துச் சுற்றினாலும் கடைசி அங்குலத்தை இழுக்காமல்தான் படிய வைப்போம். இல்லாவிட்டால் சில நாட்களில் நுனி கிளம்பிக் கொடி போல நிற்கும்.

கத்திக்கு நான் செய்வதானால் இப்படிச் செய்வேன். முதுகை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துக் காய விடுவேன். கத்தியைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக டேப்பை வெட்டி, பசைப்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் ஒரு நிமிடம் விட்டுவிடுவேன். சுருளிலிருந்து வரும்போதே டேப் சிறிது இழுபட்டுத்தான் வரும். அந்த ஒரு நிமிடத்தில் அது தானாகச் சுருங்குவதை நீங்கள் கண்ணாலே பார்க்கலாம். பிறகு மிகுதியை வெட்டிவிட்டு, நடுக்கோடு முதுகில் அமரும்படி வைத்து, இரு பக்கத்தையும் பெருவிரலால் படிய வைத்தால் போதும். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. டேப் 19 மில்லிமீற்றர் அகலம். உங்கள் முதுகுக்கு அது அவ்வளவும் வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் இறங்கினால் போதும் என்பதால், ஒட்டுவதற்கு முன்பே ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். பசை படும் இடம் குறைந்தால் தங்கும் பசையும் குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலை முடிந்த உடனே கழற்றுவது. இரவு முழுவதும் விட்டதுதான் உங்கள் கத்திக்கு நடந்த பெரிய தீங்கு. டேப்புக்கும் இரும்புக்கும் இடையே தண்ணீர் நுழைந்து, இந்த உப்புக் காற்றில் பன்னிரண்டு மணித்தியாலம் கிடந்தால் துரு வராமல் என்ன செய்யும்?

மூன்றாம் குறுக்குத் தெரு
ஆகஸ்ட் 4, பகல் 1.25

நான் கைத்தொலைபேசி திருத்தும் வேலை செய்கிறேன். சிறிய சர்க்கியூட்களில் சூட்டுக் காற்று அடிக்கும்போது பக்கத்துப் பாகங்களைக் காக்க, பொன்மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் டேப் ஒன்றை ஒட்டுவோம். கப்டன் டேப் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் படலம் பொலிஇமைட்டு, பசை சிலிக்கோன். 260 பாகை செல்சியஸ் சூட்டிலும் தாங்கும். உரித்தால் பசை தங்காது. கத்திக்கு இதைப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள். சாதாரணமாகக் கிடைப்பது பசையோடு சேர்த்து 0.06 மில்லிமீற்றர் தடிப்புத்தான், ஆகவே அமுங்கும் என்ற குறையும் இல்லை.

உவர்மலையான் அண்ணாவின் அளவுக்கு இது எத்தனை பாகை கூட்டும் என்று தெரிந்தால் நல்லது.

உவர்மலையான்
ஆகஸ்ட் 4, மாலை 6.40

கனம் 5.72 ஆகும். சரிவு 16.4 பாகை, அதாவது பாகையில் மூன்றில் ஒன்று மட்டுமே கூடுகிறது. முதுகைத் தேய்மானத்திலிருந்து காக்க மட்டும் விரும்புவோருக்கு இது மிகப் பொருத்தம் என்று தோன்றுகிறது. எனக்குச் சரிவும் உயர வேண்டியிருப்பதால் மூன்று சுற்றாவது தேவைப்படும். மெல்லிய டேப்பை மூன்று சுற்று மடிப்பில்லாமல் ஒட்டுவது என் கைக்கு வராது. ஆகவே கறுப்பு டேப்பையே இன்னொரு முறை, சொன்ன முறைப்படி முயன்று பார்க்கிறேன்.

ஏற்கெனவே உள்ள பசையையும் கல்லையும் என்ன செய்வது?

மூதூர் வாசகி
ஆகஸ்ட் 4, இரவு 8.00

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் தகப்பனாரின் கத்தி ஒன்றிலும் பழைய டேப் பசை இருக்கிறது. அதன் பிடி ஆமை ஓடு போன்ற நிறத்தில் உள்ள செலுலோயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைக்கலாமா?

பாலையூற்று மின்வேலை
ஆகஸ்ட் 4, இரவு 8.20

வேண்டவே வேண்டாம், தங்கச்சி. பெரும்பாலான நகப்பூச்சு அகற்றிகளில் இருப்பது அசற்றோன். செலுலோயிட் அசற்றோனில் கரைந்துவிடும். ஒரு துளி பட்டாலே பிடியின் பளபளப்புப் போய்த் தழும்பு விழும். ஸ்பிரிட்டையும் அந்தப் பிடியில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் இரண்டு துளியைப் பசை மேல் தடவிக் கால் மணித்தியாலம் விடுங்கள். ரப்பர்ப் பசை எண்ணெயில் ஊறி இளகிவிடும். பிறகு வாயின் பக்கம் கை போகாமல், முதுகுப் பக்கமாகவே துணியால் துடைத்தெடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி உடனே ஈரம் உலர்த்துங்கள்.

பசை புதியதாக இருந்தால் எண்ணெய்கூட வேண்டாம். புதிய டேப் துண்டு ஒன்றின் பசைப்பக்கத்தை அதன் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். பழைய பசை புதிய பசையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். துடைப்பதால்தான் அது பரவுகிறது, ஒற்றுவதால் பரவாது.

தோல்வார்
ஆகஸ்ட் 5, காலை 6.30

உவர்மலைத் தம்பி, கல்லுக்கு மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ காட்டிவிடாதீர்கள். தண்ணீர்க் கல் எண்ணெயைக் குடித்தால் பிறகு தண்ணீரைக் குடிக்காது. பசை கல்லின் மேல்முகத்தில்தான் இருக்கும். வாகனங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாங்கும் 400 இலக்கத் தண்ணீர்க் கடதாசி ஒன்றைத் தட்டையான தரை ஓட்டின் மேல் விரித்து, நிறையத் தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். அதற்கு முன் கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் கறையும் போயிருக்கும், கல்லும் மட்டமாகியிருக்கும். பிறகு 400 கடதாசியின் மணல் ஒன்றும் கல்லில் தங்காதபடி ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அந்த ஒரு மணல் துகள் போதும் வாயைப் பல்லாக்க.

உவர்மலையான்
ஆகஸ்ட் 9, இரவு 9.10

இன்று முழுவதையும் மறுபடி செய்தேன், விவரமாக எழுதுகிறேன்.

பழைய பசையைப் புதிய டேப்பால் ஒற்றினேன். ஒரு கிழமை பழையதாகிவிட்டதால் பாதிதான் வந்தது. மீதிக்குத் தேங்காயெண்ணெய் போட்டேன், முழுவதும் போனது. துருப் புள்ளிகள் மேலோட்டமானவை. வாயிலிருந்து தள்ளியும் இருந்ததால் பெரிய இடர் இல்லை. கல்லில் பென்சில் கோடு போட்டு இரண்டு முறை தேய்த்தபின் கறை மறைந்தது.

மின்சாதனக் கடையில் மூன்று சுருள்களைத் தொட்டுப் பார்த்து, பக்கவாட்டுக் காய்ந்திருந்த ஒன்றை வாங்கினேன். வெட்டி வைத்த டேப் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் சுருங்கியது. மேசையில் பென்சிலால் நுனியைக் குறித்து வைத்துத்தான் பார்த்தேன். இந்த முறை பிற்பகல் வெயிலைத் தவிர்த்து காலை ஆறு மணிக்கே தொடங்கினேன். 1000 கல்லில் நாற்பது இழுப்புக்குப் பிறகு பார்த்தால் டேப்பின் பளபளப்புப் போய், ஓரிடத்தில் மெலிந்து முதுகு தெரிகிற நிலைக்கு வந்திருந்தது. அது கிழிந்திருந்தால் நடுவழியில் சரிவே மாறியிருக்கும். அதனால் கல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் டேப்பையும் மாற்றினேன். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. டேப்பின் ஓரத்தில் சேறு போலச் சேர்ந்திருக்கும் 1000 கல்லின் துகள் 8000 கல்லுக்குப் போகாது.

உரிக்கும்போது ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் பிடித்தேன். கத்தியைத் துவாயின் மேல் படுக்க வைத்து, வாய் எனக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி, பிடியை அடுத்த வால் பக்கமிருந்து டேப்பைத் தன் மேலேயே மடித்து, நுனி நோக்கி ஒரே இழுப்பில் எடுத்தேன். மூன்று முறை உரித்ததில் இரண்டு முறை ஒன்றுமே தங்கவில்லை. ஒரு முறை நுனிக்கு அருகில் எள்ளளவு தங்கியது; ஒற்றியதும் வந்துவிட்டது. அந்தத் துண்டை ஒட்டும்போது நான் அவசரப்பட்டு ஒரு நிமிடம் காத்திருக்கவில்லை.

வாரில் அறுபது இழுப்பு இழுத்தபின் வலது கன்னத்தை மட்டும் மழித்துப் பார்த்தேன். இழுக்கவில்லை, எரியவுமில்லை.

தோல்வார்
ஆகஸ்ட் 10, காலை 6.05

இடது கன்னத்தை ஏன் விட்டீர்கள்? கை மாற்றிப் பிடிக்கப் பழக வேண்டும். துடைத்தபின் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளியை முதுகிலிருந்து வாய் நோக்கித் தடவி வையுங்கள். வாடைக் காலம் வந்தால் அலுமாரிக்குள்ளேயே இரும்பு வியர்க்கும். அடுத்த முறை டேப் ஒட்டுவதற்கு முன் அந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் முற்றாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் டேப் நிற்காது.

உவர்மலையான்
ஆகஸ்ட் 10, மாலை 7.30

அப்படியே செய்தேன், ஐயா. கத்திப் பெட்டிக்குள் ஒரு சிறு கடதாசியும் வைத்திருக்கிறேன்: “கறுப்பு டேப், ஒரு சுற்று, 0.15.” எனக்குப் பிறகு இதைத் தீட்டுபவர் முதுகைத் தடவிப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.